மேற்குச் சுவரை உடைக்கும் முன் கொஞ்சம் பூச்சைச் சுரண்டிப் பாருங்கள்

நூலகக் கட்டடப் புதுப்பிப்புக் குழுவினருக்கு,

வணக்கம். வாசலில் நீங்கள் மாட்டியிருக்கும் வரைபடத்தை நாலைந்து முறை நின்று பார்த்துவிட்டேன். இப்போது அரை இருட்டில் கிடக்கும் வாசிப்பு அறையின் மேற்குச் சுவரில், தரையிலிருந்து கூரை வரை மூன்று பெரிய கண்ணாடி ஜன்னல்கள். படத்தில் நல்ல வெயில், சிரித்த முகத்தோடு படிக்கிற ஆட்கள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒருவர்கூட இல்லை.

வெளிச்சம் வேண்டும் என்பதில் எனக்கு உங்களோடு சண்டை இல்லை. பகல் பதினொரு மணிக்கும் டியூப்லைட் எரிகிற அறை அது. பொடி எழுத்து அடிக்குறிப்பு வந்தால் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் போகிறவன் நான். பழைய கட்டடத்தில் கையே வைக்கக் கூடாது என்கிற கட்சியும் இல்லை. எங்கே உடைக்கிறீர்கள், எப்படி உடைக்கிறீர்கள் என்பதுதான் என் கவலை.

அந்தச் சுவரின் கனம் கிட்டத்தட்ட அரை மீட்டர். இன்று கட்டுகிற கட்டடங்களில் கான்கிரீட் தூண்களும் உத்தரங்களும் சுமையைப் பார்த்துக்கொள்ளும். நடுவில் இருக்கும் சுவர் வெறும் மறைப்பு, எங்கே வேண்டுமானாலும் ஜன்னல் வைக்கலாம். இங்கே தூண் கிடையாது. சுவர்தான் தூண். மாடியும் கூரையும் அதன் தலையில் உட்கார்ந்திருக்கின்றன. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் அமுக்கினால் தாங்கும், இழுத்தால் விட்டுவிடும். அதனால்தான் அந்தக் காலத்தில் ஜன்னலை ஒடுக்கமாகவும் உயரமாகவும் வைத்து மேலே வளைவு கட்டினார்கள். மேலிருந்து வரும் பாரம் வளைவில் வழுக்கி இரண்டு பக்கமும் இறங்கிவிடும். இரண்டு ஜன்னல்களுக்கு நடுவில் நிற்கும் சுவர்த் துண்டு கால் மாதிரி. ஜன்னலை அகலமாக்கினால் கால் மெலிகிறது, அதே சமயம் அதன் மேல் ஏறும் பாரம் கூடுகிறது. உங்கள் படத்தில் அந்தக் கால்கள் பாதியாகக் குறைந்திருக்கின்றன.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகமும் பழைய கட்டடம்தான். பக்கத்துப் பக்கத்து ஜன்னல்கள் இரண்டை ஒன்றாக்கினார்கள். காலையில் இரண்டு முட்டு கொடுத்தார்கள், சாயங்காலம் செங்கல் குவியல். மறுநாள் இரும்பு உத்தரம் ஏறியது, அதற்கு மறுநாள் முட்டுகளை எடுத்துவிட்டார்கள். சில மாதங்களில் உத்தரத்தின் முனையிலிருந்து படிக்கட்டு மாதிரி ஒரு விரிசல், செங்கல் இணைப்புகள் வழியாக ஏறியது. ஆணி நுழையும் அகலம். சிமெண்ட் வைத்து அடைத்தார்கள். அடுத்த வருடம் அதற்குப் பக்கத்திலேயே புதிதாக ஒன்று.

பிறகு ஒரு கட்டமைப்புப் பொறியாளர் எனக்கு விளக்கினார். சுவரில் துளை போட்டுக் குறுக்கே இரும்பு விட்டங்களைச் செருகி, உள்ளேயும் வெளியேயும் முட்டு கொடுத்து, மேல்சுவரின் பாரத்தை முதலில் அவற்றின் மேல் வாங்கியிருக்க வேண்டும். முட்டின் அடி உறுதியான தரையில் நிற்க வேண்டும். அதற்கப்புறம்தான் உடைப்பது. உத்தரத்தின் இரு முனைக்கும் அடியில் பாரத்தைப் பரப்பிவிட நல்ல கல்லோ கான்கிரீட் கட்டையோ வேண்டும். உத்தரத்துக்கும் மேல்சுவருக்கும் நடுவில் உள்ள இடைவெளியை இறுக்கமாகக் காரை குத்தி அடைத்து, அது நன்றாக இறுகிய பிறகு முட்டுகளை மெதுவாக இறக்க வேண்டும். அங்கே இதில் பாதிகூட நடக்கவில்லை. அவர் சொன்ன இன்னொன்று: 3 மீட்டர் உத்தரம் சாதாரணத் தளத்தைத் தாங்கும்போது 8 மில்லிமீட்டர் வரை தொய்ந்தாலும் ஏற்றுக்கொள்வார்கள், மேலே செங்கல் சுவர் இருந்தால் 5 மில்லிமீட்டருக்குள் நிறுத்த வேண்டும். உங்கள் ஒப்பந்தக்காரரிடம் இந்த எண்ணைக் கேட்டுப் பாருங்கள். உடனே பதில் வந்தால் எனக்குப் பாதிக் கவலை தீரும்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மேற்குச் சுவரில் மூன்றாவது அலமாரிக்குப் பின்னால், தலைக்கு மேலே, பூச்சில் வில் மாதிரி ஒரு மெல்லிய விரிசல் தெரிகிறது. அலமாரியை ஒரு சாண் நகர்த்தினால் பார்க்கலாம். விரல் முட்டியால் தட்டினால் வில்லுக்கு உள்ளே ஒரு சத்தம், வெளியே வேறு சத்தம். வெளிப்பக்கம் வெயில் சாய்வாக விழும் நேரத்தில் அதே இடத்தில் லேசாக ஒரு கட்டம் தெரிகிறது. ஐந்தாவது அலமாரிக்குப் பின்னாலும் இதே கதை. எனக்கென்னவோ அவை அடைத்துவிட்ட பழைய ஜன்னல்கள் என்றே தோன்றுகிறது. ஜன்னலை அடைப்பது அதிசயமில்லை. இங்கிலாந்தில் 1696 முதல் 1851 வரை ஜன்னல் எண்ணிக்கைக்கு வரி போட்டதால் பலர் செங்கல் வைத்து மூடினார்கள். இங்கே அலமாரி வைக்க இடமில்லை என்று அடைத்திருப்பார்கள்.

என் ஊகம் சரியென்றால் வளைவு ஏற்கெனவே அங்கே இருக்கிறது, பாரம் இறங்கும் பாதையும் இருக்கிறது. நடுவில் அடைத்ததை மட்டும் எடுத்தால் போதும். அடைப்பும் இத்தனை வருடத்தில் கொஞ்சம் பாரம் வாங்கியிருக்கலாம் என்பதால், அதையும் முட்டு கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். ஆனாலும் புதிதாக மூன்று பெரிய துவாரம் போடுவதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல்.

அது போதவில்லை என்றால் அகலத்தை விட்டுவிட்டு உயரத்தைப் பாருங்கள். பகல் வெளிச்சம் அறைக்குள் எவ்வளவு தூரம் போகும் என்பதை ஜன்னலின் மேல்விளிம்புதான் தீர்மானிக்கிறது. அந்த உயரத்தைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு தூரம் என்பது பொதுக் கணக்கு. மேல்விளிம்பு 2 மீட்டரில் இருந்தால் 4, 5 மீட்டர். 3 மீட்டரில் இருந்தால் 6, 7 மீட்டர். மேஜை மட்டத்துக்குக் கீழே வைக்கும் கண்ணாடியால் படிக்கிறவருக்குப் பெரிய லாபம் இல்லை. வெளியே மரம் தெரியும், அவ்வளவுதான். அதுவும் வேண்டுமென்றால் அகலத்தை மாற்றாமல் ஜன்னலின் அடியை மட்டும் இறக்கலாம், அந்தப் பகுதிச் சுவர் அதிகம் சுமப்பதில்லை. கனத்த சுவரின் உட்பக்க ஓரங்களைக் கொஞ்சம் சாய்வாகச் செதுக்கி வெள்ளையடித்தாலே அதே துவாரத்தில் கூடுதல் வெளிச்சம் உள்ளே பரவும். பழைய கொத்தனார்களுக்குத் தெரிந்த வேலைதான்.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். உச்சி வெயிலை சன்ஷேடு தடுக்கும். மாலையில் தாழ்ந்து நேராக வரும் மேற்கு வெயிலை அது தடுக்காது. அதற்கு செங்குத்துப் பட்டைகளோ வெளிப்புறக் கதவுகளோ வேண்டும். படத்தில் இரண்டுமே இல்லை. சாதாரண ஒற்றைக் கண்ணாடி வெயிலின் வெப்பத்தில் ஏறக்குறைய 5-ல் 4 பங்கை உள்ளே விட்டுவிடும். அப்புறம் காகிதம் மஞ்சளாகும், அட்டையின் முதுகு வெளுக்கும். இரண்டு கண்ணாடித் தாள்களுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி புற ஊதாக் கதிரை ஏறக்குறைய முழுக்கத் தடுக்கும். ஆனால் சாதாரண வெளிச்சமே காகிதத்தைக் கெடுக்கும் என்பதால், அலமாரிகளை வெயில் படாத பக்கம் மாற்றும் திட்டமும் சேர்ந்தே வரட்டும். இன்னொன்று, படத்தில் உள்ள மூன்று ஜன்னல்களில் ஒன்றாவது திறக்குமா? எனக்குக் கொக்கி எதுவும் தென்படவில்லை.

புது ஜன்னல்களின் தலையில் ஒட்டப்போகும் அந்தப் பொய் வளைவை மட்டும் விட்டுவிடுங்கள். புதிதாகச் சேர்ப்பது பழையதோடு இசைந்து போக வேண்டும், ஆனால் பழையது போல வேஷம் போடக் கூடாது என்கிற எண்ணம் பழைய கட்டடங்களைப் பாதுகாப்பது பற்றி 1964-ல் எழுதப்பட்ட சர்வதேச நெறிமுறையான வெனிஸ் சாசனத்திலேயே இருக்கிறது. நேர்க்கோட்டில் எளிமையாக ஒரு சட்டம் போதும்.

வேலை தொடங்கும் முன் எனக்கு ஒரே ஒரு காலைப் பொழுது கொடுங்கள். மூன்றாவது அலமாரியில் உள்ள புத்தகங்களை நானும் இன்னும் நாலு வாசகர்களும் இறக்கி வைக்கிறோம். உங்கள் பொறியாளர் அந்த வில்லுக்குக் கீழே இரண்டடிக்கு இரண்டடி பூச்சைச் சுரண்டிப் பார்க்கட்டும். உள்ளே ஒன்றும் இல்லையென்றால் புத்தகங்களை நாங்களே திரும்ப அடுக்கிவிடுகிறோம்.

இப்படிக்கு,
வாசல் பக்க மேஜையில் உட்காரும் வாசகன்