அழகர் இறங்கும் ஆற்றுக்காக

சித்திரைத் திருவிழா ஏற்பாடுகளையும் வைகையையும் கவனித்துவரும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். சில வருடங்களுக்கு முன் என் அப்பத்தாவை அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க மதுரைக்குக் கூட்டிவந்தேன். முடியிறக்கி, வைகையில் முங்கியெழுந்து, செம்பு நிறையச் சர்க்கரை வைத்து அதன்மேல் சூடமேற்றி அழகருக்குக் காட்டுவதாக நேர்ந்திருந்தார். மொட்டை போட்டாயிற்று. ஆற்றில் இறங்கி இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளியவர், முகத்தருகே கொண்டுபோனதும் அப்படியே கீழே விட்டுவிட்டார். கரையில் யாரோ வைத்திருந்த தொட்டியில்தான் தலையை நனைத்தார். "நம்ம ஆறு இப்படி ஆயிப்போச்சே சாமி" என்றார். அந்தக் குரல் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

திருவிழாவுக்காக வைகை அணையைத் திறக்கிறீர்கள். 1959-இல் கட்டிய அந்த அணையிலிருந்து வரும் நீர் நல்ல நீர்தான். மதுரைக்குள் நுழைந்த பிறகு பந்தல்குடி போன்ற வாய்க்கால்களின் கழிவு அதில் கலந்துவிடுகிறது. தண்ணீர் விடுவதோடு வேலை முடிந்துவிடவில்லை, கழிவை நிறுத்துவதும் திருவிழா ஏற்பாடுதான்.

இந்த ஆறு என்ன ஆறு என்று உங்களுக்குத் தெரியும். புதுப்புனல் வந்த நாளில் ஊரே திரண்டு நீராடியதைச் சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். பிட்டுக்கு மண் சுமந்த சொக்கன் அடி வாங்கியது இதன் கரையை அடைக்கத்தான். ஆவணி மூலத்தில் புட்டுத்தோப்பில் இன்றும் அதை நடத்திக் காட்டுகிறோம். தேனூரில் நடந்துவந்த அழகர் விழாவை 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் மதுரைக்குக் கொண்டுவந்து மீனாட்சி கல்யாணத்தோடு சேர்த்தார் என்பார்கள். அன்றிலிருந்து சித்ரா பௌர்ணமி விடியலில் தங்கக் குதிரை இறங்குவது இங்கேதான். அழகர் பச்சைப் பட்டு உடுத்தி வந்தால் அந்த வருடம் வெள்ளாமை செழிக்கும் என்று அப்பத்தா மாதிரி லட்சக்கணக்கானவர்கள் நம்பி வருகிறார்கள்.

2022-இல் அந்த நெரிசலில் இரண்டு உயிர்கள் போயின. அதற்குப் பிறகு தடுப்பு வேலிகளில் காட்டும் அக்கறையைப் படித்துறைகளிலும் காட்டுங்கள். வயதானவர்கள் பிடித்து இறங்கக் கைப்பிடி வேண்டும். முடியிறக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணீரும், பெண்கள் உடை மாற்ற மறைப்பும் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், வாய்க்கால் கழிவு ஆற்றில் விழும் இடங்களை அடுத்த சித்திரைக்குள் அடைத்துவிடுங்கள். சுத்திகரிக்காத ஒரு சொட்டும் உள்ளே வரக்கூடாது. அப்பத்தாவுக்கு எண்பத்திரண்டு வயது. அந்த நேர்த்திக்கடன் இன்னும் பாக்கியிருக்கிறது என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
செல்லூர்க் கரையில் குடியிருக்கும் ஒரு பேத்தி