பிணந்தின்னி என்பது வசைச்சொல் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருந்துப் பதுக்கல் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை வரி விடாமல் படித்தேன். கட்டுரையாளரின் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் அந்தப் பதுக்கல்காரர்களைத் தலைப்பிலேயே 'பிணந்தின்னிக் கழுகுகள்' என்று அழைத்திருந்தீர்கள். அது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. நோயாளியின் உயிரோடு விளையாடுகிறவனுக்கும், உயிர் போன பிறகே இறங்கி வரும் பறவைக்கும் என்ன பொருத்தம்?

பருந்தின் காலைப் பார்த்தவர்கள், பிணந்தின்னிக் கழுகு என்று நீங்கள் சொல்லும் பாறுவின் காலையும் ஒருமுறை பார்க்க வேண்டும். பருந்துக்கு இருப்பது இரையைக் கவ்விக்கொண்டு பறப்பதற்கான பிடி. பாறுவுக்கு அந்தப் பிடி இல்லை. நகங்கள் மழுங்கியவை, விரல்கள் நடப்பதற்கும் நிற்பதற்கும் ஏற்றவை. அமெரிக்கக் கண்டத்தின் கருங்கழுகு சில வேளைகளில் புதிதாகப் பிறந்த கன்றுகளைத் தாக்குவதுண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் உலகில் உள்ள 23 பாறு இனங்களில் பெரும்பாலானவற்றுக்குச் செத்த விலங்குதான் சாப்பாடு.

பல ஆண்டுகளுக்கு முன், காட்டோரம் செத்துக் கிடந்த ஓர் எருமையைச் சுற்றி வெண்முதுகுப் பாறுகள் கூடியதைத் தொலைநோக்கியில் பார்த்தேன். அரை மணி நேரத்துக்கு முன்பு வானத்தில் ஒன்றுகூடத் தென்படவில்லை. ஒன்று இறங்கியது, பின்னாலேயே நாலைந்து, பிறகு எண்ண முடியவில்லை. அவை மோப்பம் பிடித்து வரவில்லை. உயரத்தில் ஆளுக்கொரு பக்கமாக வட்டமிட்டபடி தரையையும் பார்க்கின்றன, அடுத்த பறவையையும் பார்க்கின்றன. ஒன்று தாழ்ந்தால் தொலைவில் இருப்பதும் திரும்பிவிடுகிறது. (மோப்பத்தால் கண்டுபிடிக்கும் இனமும் உண்டு. அமெரிக்காவின் வான்கோழிக் கழுகு, மரங்கள் அடர்ந்த காட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் சடலத்தையும் வாடையை வைத்தே தேடிப் பிடித்துவிடும்.)

எருமையின் தோல் தடித்தது. கண், வாய், பின்புறம் என மென்மையான இடங்களில்தான் தொடங்கின. கழுத்து முழுவதும் உள்ளே போய், ஈரம் சொட்டச் சொட்ட வெளியே வந்தது. அடர்ந்த இறகு இருந்திருந்தால் அத்தனையும் அதில் ஒட்டி நாறியிருக்கும். அந்த மொட்டைக் கழுத்து உடல் வெப்பத்தைச் சீராக்கவும் உதவுகிறது என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஒன்றையொன்று இறக்கையால் தள்ளின, சீறின, தொண்டைப்பை புடைக்கப் புடைக்க விழுங்கின. பிறகு நடந்தே ஓடைக்குப் போய்க் குளித்துவிட்டு, இறக்கையை விரித்து வெயிலில் நின்றன. மறுநாள் போனபோது எலும்புக்கூடு மட்டும் கிடந்தது. நாற்றம் இல்லை.

அழுகிய இறைச்சியைத் தின்றும் அவற்றுக்கு நோய் வராததற்குக் காரணம், வயிற்றில் சுரக்கும் மிகக் கடுமையான அமிலம். 2014இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்கப் பாறுகளின் முகத்தோலில் சராசரியாக 528 வகை நுண்ணுயிரிகள் இருந்தன. குடலில் 76 வகைதான். மற்றவை வழியிலேயே மடிந்துவிடுகின்றன.

பறக்கும் திறமையையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1973இல் ஆப்பிரிக்காவின் அபிஜான் நகருக்கு மேலே, சுமார் 37,000 அடி உயரத்தில் ஒரு பாறு விமானத்தில் மோதியது. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலையில் வாழும் காண்டோர் என்ற பாறு ஒன்று இறக்கையை ஒருமுறைகூட அடிக்காமல் ஐந்து மணி நேரத்துக்கு மேல், சுமார் 172 கிலோமீட்டர் மிதந்து போனதை ஆய்வாளர்கள் கருவி பொருத்திப் பதிவு செய்திருக்கிறார்கள்.

இத்தகைய பறவையைத்தான் தெற்காசியாவில் ஒரு மருந்து ஏறக்குறைய துடைத்தெறிந்தது. கால்நடைகளின் வலிக்கும் வீக்கத்துக்கும் போட்ட டைக்ளோஃபினாக், செத்த மாட்டின் உடலிலேயே தங்கியிருந்து, அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. 1992க்கும் 2007க்கும் இடையே இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்துக்கு ஒன்றுதான் மிஞ்சியது. காரணம் 2004இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. 2006இல் இந்தியாவும் நேபாளமும் பாகிஸ்தானும் கால்நடைகளுக்கு இம்மருந்தைத் தடை செய்தன. நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் நஞ்சு இருந்தாலே இந்த அழிவுக்குப் போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை இட்டு, குஞ்சு வளர்ந்து இணை சேரவே ஐந்தாறு ஆண்டுகள் ஆகும் பறவை இழந்ததை எப்போது ஈடுகட்டும்?

ஆப்பிரிக்காவில் கதை வேறு. யானையைக் கொன்று தந்தம் திருடுகிறவர்கள், வானில் வட்டமிடும் பாறுகள் தங்களைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று சடலத்தில் நஞ்சு தடவுகிறார்கள். 2019இல் போட்ஸ்வானாவில் மூன்று யானைகளின் சடலங்களைத் தின்று 537 பாறுகள் செத்தன. அந்தத் திருடர்களைப் பற்றி எழுதும் நாளில் தலைப்பில் என்ன போடுவீர்கள்?

கொள்ளைக்காரன், பதுக்கல்காரன், ஈவு இரக்கமற்றவன் என்று தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. பறவைக்கும் பாறு, எருவை என்று சங்க காலம் தொட்டு வழங்கிவரும் பெயர்கள் இருக்கின்றன. கடைசியாக ஒன்று: அதே கட்டுரையில் போட்ட படத்தின் கீழ் 'வல்லூறு' என்று அச்சாகியிருந்தது. வல்லூறு சிறு பறவைகளை அடித்துத் தின்னும் வேட்டைப் பறவை. படத்தில் இருப்பது பாறு. அடுத்த இதழில் திருத்தம் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகர்