தலைசுற்றலும் ஹார்மோன் அளவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உள்காதுக் கோளாறால் வரும் தலைசுற்றலை இரத்தத்திலுள்ள ஹார்மோன்களை அளந்தே கண்டறிந்துவிடலாம் என்னும் பொருள்படச் செய்திகள் அவ்வப்போது வெளியாகின்றன. ஒரு ஹார்மோனுக்கும் ஒரு நோய்க்கும் தொடர்பு தென்படுவது வேறு. அந்த ஹார்மோனை அளந்து நோயை உறுதிசெய்வது வேறு. இச்செய்திகளில் இவ்வேறுபாடு மறைந்துபோவதாலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஆய்வாளர்களின் ஆர்வம் நியாயமானது. உள்காது மண்டையோட்டின் மிகக் கடினமான எலும்புக்குள் புதைந்திருப்பதால், கேட்கும் திறனுக்கு ஆபத்தின்றி அதிலிருந்து திசுவையோ திரவத்தையோ எடுத்துப் பார்க்க இயலாது. தலைசுற்றல் உள்காதிலிருந்தே எழக்கூடும் என்று 1861இல் எடுத்துரைத்த பிரெஞ்சு மருத்துவர் புரோஸ்பர் மெனியரின் பெயரால் வழங்கும் நோயைக்கூட, 20 நிமிடம் முதல் 12 மணி நேரம் வரை நீடிக்கும் சுற்றல், ஏறி இறங்கும் காது இரைச்சல், செவித்திறன் பரிசோதனை ஆகியவற்றைக் கொண்டுதான் மருத்துவர்கள் இன்றும் முடிவு செய்கிறார்கள்.

அந்நோயில் உள்காதுத் திரவம் மிகுந்துவிடுகிறது. சிறுநீரகத்தில் நீரைத் தக்கவைக்கும் வாசோபிரசின் என்னும் ஹார்மோனுக்கான ஏற்பிகள் (அதைப் பற்றிக்கொண்டு செயல்படும் புரதங்கள்) உள்காதிலும் இருப்பதாலும், கினிப் பன்றிகளுக்கு அதைச் செலுத்தியபோது அத்திரவம் பெருகியதாலும், அதன்மீது சந்தேகம் விழுந்தது இயல்பே. நோயாளிகளின் இரத்தத்தில் அது கூடியிருந்ததாகச் சில ஆய்வுகள் கூறின. வேறு சில அவ்வாறு காணவில்லை. ஆனால் குமட்டலே வாசோபிரசினை வெகுவாக உயர்த்திவிடும். வாந்தியோடு வந்து படுத்திருப்பவரிடம் எடுத்த இரத்தத்தில் அது கூடியிருந்தால், அது நோயின் காரணமா, விளைவா? மன அழுத்தத்தின்போது கூடுதலாகச் சுரக்கும் கார்டிசாலின் நிலையும் இதுவே. காலையில் உச்சத்திலிருந்து இரவில் தாழ்ந்துவிடும் அந்த ஹார்மோன், தலைசுற்றல் தரும் அச்சத்தாலேயே உயரக்கூடும்.

படுக்கையில் புரளும்போது சில நொடிகள் உலகமே சுழல்வது போன்ற தலைசுற்றலுக்குக் காரணம், உள்காதில் இடம்பெயர்ந்த கால்சியம் துகள்கள். ஹார்மோனாகவே செயல்படும் வைட்டமின் டி குறைந்தவர்களுக்கு அதை ஈடுசெய்தால் இத்தலைசுற்றல் திரும்ப வருவது குறைகிறது என்று 2020இல் வெளியான கொரிய ஆய்வு காட்டியது. இது பயனுள்ள செய்திதான். ஆயினும் வைட்டமின் டி குறைவு மிகப் பரவலானது என்பதால் அதைக் கொண்டு நோயை அறிய முடியாது. தலையைக் குறிப்பிட்ட கோணத்தில் திருப்பிப் படுக்கவைத்து விழியசைவைப் பார்க்கும் சில நிமிடச் சோதனையே அதை உறுதிசெய்கிறது. என் கருத்தில், ஹார்மோன்களைவிட, பெரும்பாலும் உள்காதில் மட்டுமே உருவாகும் ஓட்டோலின்-1 போன்ற புரதங்களே கூடுதல் நம்பிக்கை தருகின்றன.

நலமாக இருப்பவரையும் நோயாளியையும் பிரித்துக் காட்டும் பரிசோதனையால் மருத்துவருக்குப் பெரிய உதவி இல்லை. மெனியர் நோயையும், ஏறத்தாழ அதே வடிவில் வரும் ஒற்றைத் தலைவலி சார்ந்த தலைசுற்றலையும் பிரித்தறிவதே அவருக்குக் கடினம். ஆகவே இத்தகைய ஆய்வுகளைப் பற்றி எழுதும்போது, நோயாளிகள் யாரோடு ஒப்பிடப்பட்டனர், இரத்தம் சுற்றலின்போது எடுக்கப்பட்டதா, அது அடங்கிய பின்னரா என்னும் விவரங்களையும் சேர்த்து வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்