முதல் கையெழுத்து யாருடையது?

ஆசிரியருக்கு,

அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம் குறித்த கட்டுரையில் வல்லரசுகளின் பெயர்கள்தான் நிறைந்திருந்தன. அயர்லாந்தின் வெளியுறவு அமைச்சராக இருந்த ஃபிராங்க் எய்க்கனை மறந்தது நியாயமா?

ஆங்கிலேயரை எதிர்த்துத் துப்பாக்கி ஏந்தியவர் அவர். பிறகு ஆங்கிலேயருடனான உடன்படிக்கையை ஏற்ற அயர்லாந்தினருக்கும் எதிர்த்தவர்களுக்கும் மூண்ட உள்நாட்டுப் போரின் முடிவில், எதிர்த்த தரப்பான குடியரசுப் படையின் தலைமைத் தளபதியாக, 1923 மே மாதம் போரை நிறுத்தி ஆயுதங்களை ஒளித்துவைக்க உத்தரவிட்டார். ஒப்படைக்கச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்! 1932இல் பாதுகாப்பு அமைச்சரானதும் நேரே டப்ளின் ஆர்பர் ஹில் சிறைக்குப் போய்ப் அங்கே அடைபட்டிருந்த பழைய குடியரசுப் படைத் தோழர்களைச் சந்தித்தார்; மறுநாளே அவர்கள் விடுதலையானார்கள்.

இடையில் நிதித்துறையும் பார்த்தார். ஆனால் அவர் பெயர் சொல்வது வெளியுறவுத் துறைதான். 1957இல் ஐ.நா.வில் சீனாவின் இடம் (அதைக் கம்யூனிஸ்ட் சீனாவுக்குத் தருவதா என்பது) பற்றி விவாதிக்கலாம் என்று வாக்களித்து அமெரிக்காவின் கோபத்தைச் சம்பாதித்தார். மறு ஆண்டே அணு ஆயுதப் பரவலைத் தடுக்கும் யோசனையை அங்கே கொண்டுவந்தார். விடாப்பிடியாக நின்றதில், 1961இல் அயர்லாந்தின் தீர்மானம் எதிர்ப்பின்றி நிறைவேறியது. அதனால்தான் 1968 ஜூலை 1 அன்று மாஸ்கோவில் ஒப்பந்தத்தில் முதல் கையெழுத்திடும் மரியாதை அவருக்குக் கிடைத்தது. அடுத்த கட்டுரையிலாவது ஒரு வரி ஒதுக்குங்கள்.

– ஒரு வாசகர், திருச்சி