செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: வலென்சியா தோட்டத்தில் ஒரு மதியச் சாப்பாடு

ஸ்பெயினின் வலென்சியாவில் இருக்கும் நம் தமிழ்ச் சங்கத்தின் அன்பு உறுப்பினர்களுக்கும் இந்த ஆண்டு வந்து சேர்ந்த மாணவர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, புதிதாக வருகிறவர்களுக்கு வீடு பார்த்துக் கொடுப்பது எல்லாம் இந்த ஆண்டும் குறைவில்லாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். இலையுதிர் காலத்தில் போவதாக இருந்த பண்ணைப் பயணம் மட்டும் தள்ளிப்போனது, காரணம் எல்லோருக்கும் தெரியும். 2024 அக்டோபர் 29 வெள்ளம் வலென்சியா மாகாணத்தில் 200க்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் கொண்டுபோனது. நகரத்துக்குத் தெற்கே ஊர் ஊராகச் சேற்றில் கிடந்தது. துடைப்பமும் மண்வாரியுமாகப் பாலம் கடந்து நடந்துபோன ஆயிரக்கணக்கானவர்களில் நம் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களுக்குச் சங்கத்தின் மனமார்ந்த நன்றி.

மார்ச்சில் நடக்கும் வலென்சியாவின் ஃபாயாஸ் திருவிழா முடிந்து, ஆரஞ்சு மரங்கள் பூத்திருந்த ஏப்ரலில்தான் போக முடிந்தது. நகரத்தின் வடக்கு ஓரத்தில் அல்போராயா. மெட்ரோவில் இறங்கி வாய்க்கால் ஓரமாக நடந்தால் தோட்டம். அரபியர் ஆட்சிக் காலத்தில் உருவான பாசன முறை அது, துரியா ஆற்றுத் தண்ணீர் இன்னும் மடை மாற்றி மடை மாற்றித்தான் பாய்கிறது. தண்ணீர்த் தகராறு வந்தால் வியாழன்தோறும் நண்பகலில் பேராலய வாசலில் விவசாயிகளே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிறார்கள், வக்கீல் கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சுதான். 2009இல் யுனெஸ்கோ இதைப் பண்பாட்டு மரபாக அறிவித்தது. முறைத்தண்ணீர் என்றால் என்னவென்று தெரிந்த தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் இதைக் கேட்டதும் தோட்டக்காரரை விடவே இல்லை, அரை மணி நேரம் கேள்விமேல் கேள்வி.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். சுற்றுலாக் கடைகளில் மீனும் இறாலும் போட்டு உறைநிலையிலிருந்து சூடாக்கித் தரும் பயேயா என்ற அரிசிச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, ஸ்பெயின் சாப்பாடு இவ்வளவுதானா என்று முதலாண்டு மாணவர்கள் முடிவுகட்டிவிடுகிறார்கள். அதை மாற்றத்தான் இந்தப் பயணமே. வலென்சியாக்காரர்களின் பயேயா வயல்காட்டுச் சாப்பாடு: கோழி, முயல், தட்டையான பச்சை பீன்ஸ், நம் ஊரில் டபுள் பீன்ஸ் என்கிறோமே அந்த வகைப் பெரிய வெள்ளை அவரை, தக்காளி, குங்குமப்பூ. பருவத்தில் இருந்ததால் ஆர்ட்டிசோக் என்ற பூமொட்டுக் காயும் சேர்த்தார்கள்.

அடுப்பு ஆரஞ்சு விறகு. அகலமான தட்டைச் சட்டியில் முதலில் ஆலிவ் எண்ணெயும் உப்பும், அப்புறம் இறைச்சி நன்றாகச் சிவக்கும்வரை யாரும் அவசரப்படவில்லை. காய்கள் வதங்கி, தக்காளி சுண்டியதும் மிளகாய்த்தூள், இது காரமில்லாத ஸ்பானிய வகை, ஒரு நொடி பிந்தினால் கசந்துவிடும் என்பதால் உடனே தண்ணீர். தோட்டக்காரர் அளவுக் கோப்பையைத் தொடவே இல்லை. சட்டியின் கைப்பிடியைப் பிடித்திருக்கும் ஆணி வரைக்கும் தண்ணீர், அது கொதித்துச் சாறு இறங்கியதும் அரிசியை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வரப்பு போட்ட மாதிரி கொட்டி, வரப்பின் தலை தண்ணீருக்கு மேலே ஒரு விரல் தெரிகிறதா என்று பார்த்தார். அவ்வளவுதான் அவருடைய கணக்கு. அரிசி தெற்கே அல்புஃபேரா ஏரிக்கரை வயல்களிலிருந்து வந்த போம்பா ரகம், நிறையச் சாற்றைக் குடித்தும் குழையாது.

அரிசியைப் பரப்பிவிட்ட பிறகு கரண்டிக்கு வேலையில்லை. நம் பையன் ஒருவன் பழக்கதோஷத்தில், "தாத்தா, கொஞ்சம் கிளறிவிடட்டுமா?" என்று கரண்டியை எடுக்க, அவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு வேண்டாமென்று தலையை ஆட்டினார். கிளறினால் கஞ்சிப்பசை வந்துவிடும், அடியும் பிடிக்காது. அங்கே அடி பிடிக்க வேண்டும்! முதலில் முழுத் தீ, பிறகு விறகை இழுத்துத் தணித்து, கடைசியில் அடியில் படபடவென்று சத்தம் வரும்வரை வைத்திருந்தார். அந்தக் காந்தலுக்குத்தான் சட்டியைச் சுற்றிப் போட்டி. தட்டு வைக்கவில்லை, சட்டியைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு முக்கோணம், மரக்கரண்டியால் தன் எதிரில் இருப்பதை மட்டும் எடுக்க வேண்டும். முயல் வேண்டாம் என்றவர்களுக்கும் சைவக்காரர்களுக்கும் காய்கறிகள் மட்டும் போட்டுத் தனிச் சட்டி வைத்துக்கொடுத்தார்கள், அதிலும் காந்தல் குறைவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் ஓர்ச்சாத்தா. கோரை இனத்துச் செடி ஒன்றின் சின்னக் கிழங்கை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து சர்க்கரை சேர்த்த பால், அல்போராயா மண்ணின் பெருமை அதுதான். பண்ணையிலேயே கிழங்கை ஊறவைத்திருந்த தொட்டியைக் காட்டினார்கள். தாவரவியல் படிக்கும் மாணவி ஒருவர் கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தை விட்டு நகரவே மறுத்தார்.

பொதுக்குழுவின் முன் இரண்டு வேண்டுகோள் வைக்கிறேன். பண்ணைப் பயணம் ஆண்டுதோறும் நடக்க வேண்டும், முதலாண்டு மாணவர்களின் செலவில் பாதியைச் சங்கம் ஏற்க வேண்டும். உதவித்தொகையில் வாடகை கட்டியது போக மீதியில் வாழும் பிள்ளைகளுக்கு அது பெரிய தொகை. இரண்டாவது, வரும் செப்டம்பரில் அல்புஃபேராவில் நெல் அறுவடை நேரத்தில் ஒரு நாள் போய்வரலாம் என்று நிறைய பேர் கேட்கிறார்கள், எனக்கும் அதில் மிகுந்த விருப்பம். வர விரும்புபவர்கள் சைவமா அசைவமா என்பதைப் பெயர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், பண்ணையில் முதல் நாளே எல்லாவற்றையும் வாங்கி வைக்கிறார்கள்.

இப்படிக்கு,
செயலாளர்