ருக்குவுக்கு, அவளுடைய சைக்கிளைப் பற்றி

அன்புள்ள ருக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. இடது கண்ணில் புரை எடுத்ததால் கொஞ்ச நாள் குனியக் கூடாது, வெயிலில் போகக் கூடாது என்று ஏகப்பட்ட கட்டுப்பாடு. இப்போது சொட்டு மருந்து மட்டும்தான். நேற்று ஊசியில் நூல் கோத்துப் பார்த்தேன், ஒரே தடவையில் நுழைந்துவிட்டது! நீ சங்கீதம் சொல்லித்தரத் தொடங்கியதைப் படித்ததும் மனசு நிறைந்தது. அதைப் பற்றித் தனியாக ஒரு கடிதம் எழுதுகிறேன். முதலில் உன் சைக்கிள் விஷயத்துக்கு வருகிறேன்.

மாடியில் குடியிருக்கும் பெண் வேலைக்குப் போய்வர அதைக் கேட்கிறாள், சும்மா கொடுத்தால் வாங்கமாட்டேன் என்கிறாள், என்ன விலை சொல்வதென்று தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். அவள் சொல்வதுதான் சரி. இலவசமாக வாங்கிக்கொண்டால் பிரேக் பிடிக்கவில்லை என்று உன்னிடம் வந்து சொல்லக்கூட அவளுக்குக் கூச்சமாக இருக்கும்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நீ கொடுத்த தொகையை மறந்துவிடு. அதில் பாதி, கால் என்று கணக்குப் போடாதே. இன்றைக்கு அதே தரத்தில், அதே மாதிரி கியர் வைத்த புது சைக்கிள் கடையில் என்ன விலைக்குப் போகிறது என்று விசாரி. அட்டையில் அச்சடித்த விலை வேண்டாம், தள்ளுபடி போக வாங்குபவர் உண்மையில் கொடுக்கிற தொகை வேண்டும். அதை நூறு என்று வைத்துக்கொள்வோம். அப்புறம், அதே வயசுள்ள பழைய சைக்கிள்கள் என்ன விலைக்குக் கைமாறின என்று இரண்டு மூன்று பேரிடம் கேள். விற்கிறவர் கேட்ட விலை வேறு, கைமாறிய விலை வேறு. ஆறு மாசமாக விற்காமல் நிற்கிற சைக்கிளின் விலையைப் பார்த்து நீயும் விலை சொல்லக் கூடாது. என் அனுபவத்தில் முதல் வருஷத்திலேயே கால் பங்குக்கு மேல் போய்விடும். அதற்குப் பிறகு இறக்கம் மெதுவாகிவிடும். உன்னுடையது இரும்புச் சட்டம், மழையில் நிற்காதது. எல்லாம் ஓடுகிற நிலையில் இருந்தால் நாற்பது சொல்லலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் எல்லாம் ஓடுகிற நிலையில் இருக்காது. நாலு வருஷமாக ஓட்டவில்லை என்கிறாய். ஓட்டாமல் வைத்தால் தேயாது என்று நினைக்கிறோம், ரப்பருக்கு அது பொருந்தாது. டயரில் காற்றடித்து, பக்கச் சுவரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார். காய்ந்த வயல் மாதிரி மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால், மேல் பட்டன் எவ்வளவு புதிதாக இருந்தாலும் மாற்றத்தான் வேண்டும்.

செயினைப் பார்ப்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். ஓர் இரும்பு ஸ்கேலை எடுத்துக்கொள். செயினின் ஒவ்வொரு ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் நடுவே சரியாக அரை இஞ்சு இருக்கும். ஸ்கேலின் பூஜ்யத்தை ஓர் ஆணியின் நடுவில் வைத்து, செயினை விறைப்பாக இழுத்துப் பிடி. புதுச் செயினில் 24-ஆவது ஆணியின் நடு மிகச் சரியாக 12 இஞ்சில் வந்து நிற்கும். ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளி நின்றால் செயினை மட்டும் மாற்றினால் போதும். மூன்று மில்லிமீட்டர் தள்ளிப் போயிருந்தால் பின்சக்கரத்துப் பற்களும் அதோடு சேர்ந்து தேய்ந்திருக்கும், புதுச் செயின் போட்டாலும் மிதிக்கும்போது நழுவும். அந்த ஒன்றரை மில்லிமீட்டரில் செலவு இரண்டு மடங்குக்கு மேல் மாறிவிடும். அதனால்தான் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதே என்கிறேன்.

சக்கரத்தைச் சுற்றிவிட்டு, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியைக் கவனி. அது கூடிக் குறைந்தால் கோட்டம். பெடல் மாட்டியிருக்கிற கிராங்கைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆடக் கூடாது. இதெல்லாம் மெக்கானிக் அரை நாளில் சரிசெய்கிற வேலைதான்.

இனி கழிக்கிற கணக்கு. டயரும் டியூபும் எட்டு, செயினும் பற்சக்கரமும் ஆறு, பிரேக் கட்டையும் கேபிளும் இரண்டு, மெக்கானிக் கூலி நாலு. ஆக மொத்தம் இருபது என்று வைத்துக்கொள். நாற்பதிலிருந்து இருபதை அப்படியே கழித்துவிடலாமா? பலர் அப்படித்தான் செய்வார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. நாற்பது என்று நாம் சொன்னது பாதி தேய்ந்த, ஆனால் ஓடுகிற டயருக்கு. அவளுக்குக் கிடைக்கப்போவதோ புத்தம் புது டயர். ஆகவே சாமான்கள் விலையில் பாதியை நீ ஏற்றுக்கொள், கூலியை முழுதாக ஏற்றுக்கொள். சாமான்கள் பதினாறில் பாதி எட்டு, கூலி நாலு, ஆகப் பன்னிரண்டு. உன் கைக்கு இருபத்தெட்டு. அவளுக்கு ரிப்பேர் செலவோடு நாற்பத்தெட்டு. புது விலையில் பாதிக்கும் குறைவாக ஒரு நல்ல சைக்கிள் அவளுக்குக் கிடைக்கிறது. நீயும் ஏமாறவில்லை.

கூடையும் மணியும் நீ ஆசையாகப் போட்ட மெத்தை சீட்டும் விலையை உயர்த்தாது, ருக்கு. அவற்றைச் சேர்த்தே கொடுத்துவிடு. அந்தச் சைக்கிளில் நீ தினமும் வேலைக்குப் போய் வந்த வருஷங்களுக்கும் விலை போட முடியாது. அது எனக்கும் வருத்தம்தான்.

ஒன்று மட்டும் கட்டாயம் செய். விலையைச் சொல்வதற்கு முன்னால், உனக்குத் தெரிந்த குறை அத்தனையையும் அவளிடம் சொல்லிவிடு. அவளுக்குச் சைக்கிளைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று எழுதியிருக்கிறாய். அதனால்தான் சொல்கிறேன். என் பையனுக்கு ஒரு பழைய அலுமினியம் சைக்கிள் வாங்கினேனே, நினைவிருக்கிறதா? பேரம் பேசி மலிவாக வாங்கிவிட்டேன் என்று உனக்குப் பெருமையாக எழுதினேன். இரண்டு மாசம் கழித்து அதைக் கழுவும்போது, ஹேண்டிலுக்குக் கீழே இறங்குகிற சாய்வுக் குழாயின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் ஊறிக் கழன்றது. அதன் கீழே தலைமுடி அளவில் ஒரு கோடு. பெயின்ட் கீறல் என்று நினைத்து நகத்தை வைத்தேன், நகம் உள்ளே இறங்கிற்று. முன்னால் எதிலோ பலமாக மோதியிருக்க வேண்டும். இரும்பாக இருந்தால் பற்றவைக்கலாம், இந்த அலுமினியத்தைப் பற்றவைத்தால் அந்த இடம் பலம் இழந்துவிடும், நம்பி ஓட்ட முடியாது என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார். பணம் போனதை விட, இரண்டு மாசம் அதில் பையனை அனுப்பினேனே என்பதுதான் இன்றைக்கும் நெஞ்சில் நிற்கிறது. விற்றவருக்கு அந்தக் கோடு தெரிந்திருக்கும். தெரியாமல் யாரும் அந்த இடத்தில், அடிப்பக்கத்தில் ஸ்டிக்கர் ஒட்டமாட்டார்கள்.

உன் சைக்கிளிலும் அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிடு.

அவள் உன்னைவிட நல்ல குள்ளம் என்று எழுதியிருந்தாய். சீட்டை இறக்கிக்கொள்ளலாம், ஆனால் சட்டத்தின் நீளத்தைக் குறைக்க முடியாது. ஏறி நின்று, கை எட்டாமல் குனிந்து ஓட்டும்படி இருந்தால் எந்த விலைக்கும் அவளுக்குக் கொடுக்காதே. இரண்டு நாள் ஓட்டிப் பார்க்கச் சொல். பிடித்தால் பெடல் அச்சுக்கு அடியில் சட்டத்தில் குத்தியிருக்கும் எண்ணை ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். பழைய பில் இருந்தால் அதையும் கொடு. நாளைக்கு அது யாருடைய சைக்கிள் என்று ஒருவர் கேட்டால் அவளிடம் பதில் இருக்க வேண்டும்.

சீட்டு என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. இரும்புச் சட்டத்துக்குள் சீட்டைத் தாங்குகிற அலுமினியக் கம்பி பல வருஷம் அசையாமல் நின்றால் இரண்டும் அரித்துப் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடித்திருந்தால் சீட்டு இறங்காது, அவளுக்கு அந்தச் சைக்கிள் உதவாது, நான் போட்ட கணக்கும் வீண். நாளைக்குக் காலையில் முதல் வேலையாக நட்டைத் தளர்த்தி சீட்டைத் திருப்பிப் பார். திரும்பவில்லை என்றால் கொஞ்சம் எண்ணெய் விட்டு இரண்டு நாள் விட்டுவிடு, சுத்தியலால் தட்டாதே. என்ன ஆயிற்று என்று எழுது. செயின் எத்தனை மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது என்பதையும் எழுது.

அன்புடன்,
கமலா