லெவல் எண்ணைப் பார்த்து கிளாஸ் எடுக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

'எல்டன் ரிங்' வீடியோ விளையாட்டைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்காகச் சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2022 பிப்ரவரியில் வெளியான விளையாட்டுக்கு இப்போதாவது தமிழில் அரைப் பக்கம் கிடைத்ததே என்று சந்தோஷம்தான். ஆனால் அதிலுள்ள ஒரு யோசனையை அப்படியே விட மனம் வரவில்லை. ஆட்டத்தின் தொடக்கத்தில் நாம் தேர்ந்தெடுக்கும் பாத்திர வகைதான் கிளாஸ்; கன்ஃபெஸர், ரெச் எல்லாம் அப்படிப்பட்ட கிளாஸ்கள். 'கன்ஃபெஸர் 10ஆம் லெவலில் தொடங்குகிறார், ரெச் 1ஆம் லெவலில் தொடங்குகிறார். ஆகவே கன்ஃபெஸரை எடுப்பதே லாபம்' என்று எழுதியிருந்தார்கள். நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் கணக்கு எழுதுகிறவள். லாபம் என்று யாராவது சொன்னால் உடனே கூட்டிப் பார்த்துவிடுவேன்.

இந்த விளையாட்டில் பத்து கிளாஸ்கள். ஒவ்வொன்றுக்கும் எட்டு ஸ்டேட்கள், அதாவது திறன் எண்கள்: வைகர், மைண்ட், எண்டியூரன்ஸ், ஸ்ட்ரெங்த், டெக்ஸ்டெரிட்டி, இன்டெலிஜென்ஸ், ஃபெய்த், ஆர்கேன். எட்டையும் கூட்டி 79ஐக் கழித்தால் வருவதுதான் லெவல். ரெச்சுக்கு எல்லாமே பத்துப் பத்து. மொத்தம் 80, லெவல் 1. அஸ்ட்ராலஜருக்கு 85, லெவல் 6. கன்ஃபெஸருக்கு 89, லெவல் 10. யாருக்கும் சலுகை கிடையாது. அதன்பிறகு எல்லோருக்கும் ஒரு லெவலுக்கு ஒரு புள்ளிதான். எந்த கிளாஸில் தொடங்கினாலும் பின்னால் எந்த வாளையும் எந்த மந்திரத்தையும் எடுத்துக்கொள்ளலாம், ஸ்டேட் எட்டினால் போதும்.

அப்படியானால் எதைப் பார்த்து எடுப்பது? நாம் கடைசிவரை தொடப்போகாத ஸ்டேட்களில் எவ்வளவு புள்ளி தூங்குகிறது என்று பாருங்கள். விற்காத நூல் கிடங்கில் கிடப்பதைப் போல அது கணக்கில் இருக்கும், கைக்கு வராது.

என் பில்டையே, அதாவது நான் புள்ளிகளைப் பங்கிட்டு வளர்த்த விதத்தையே, எடுத்துக்கொள்ளுங்கள். நான் வைத்திருப்பது மூன்வெயில் என்ற கட்டானா, ஜப்பானிய வகை வாள். கேலிட் பகுதியில் கேல் சுரங்கத்திலுள்ள மேக்மா வைர்ம் என்ற டிராகன் போன்ற மிருகத்தைக் கொன்றால் கிடைக்கும். அதற்கு ஸ்ட்ரெங்த் 12, டெக்ஸ்டெரிட்டி 18, இன்டெலிஜென்ஸ் 23 வேண்டும். உயிருக்கு வைகர், மந்திரத்துக்கு மைண்ட், உருண்டு தப்பிக்க எண்டியூரன்ஸ் என்று ஆறு ஸ்டேட்களில் புள்ளி போடுவேன். ஃபெய்த்தும் ஆர்கேனும் எனக்கு வேண்டியதில்லை. அவை இரண்டும் சேர்ந்து, நான் எடுத்த பிரிசனர் கிளாஸுக்கு 15, அஸ்ட்ராலஜருக்கு 16, ரெச்சுக்கு 20, கன்ஃபெஸருக்கு 23. அதாவது ஒரே பில்டுக்கு வந்து சேரும்போது, பிரிசனரை எடுத்தவளைவிடக் கன்ஃபெஸர் எட்டு லெவல் கூடுதலாகச் செலவழித்திருப்பார். யாரும் தொடக்கூடாது என்று உங்கள் கட்டுரை சொன்ன ரெச்கூட அவரை மூன்று லெவலில் முந்திவிடுகிறார்! தொடக்கத்தில் ஒரு லெவல் ஏற, எதிரிகளைக் கொன்று சேர்க்கும் ரூன் சில நூறு போதும். 100ஐத் தாண்டியபின் பல்லாயிரம் ஆகும். எட்டு லெவல் சின்ன விஷயமில்லை.

பின்னால் மாற்றிக்கொள்ளலாமே என்பார்கள். ராயா லுகாரியா அகாடமியில் ரென்னாலா என்ற பெரிய எதிரியை வென்றபிறகு அவளிடம் லார்வல் டியர் என்ற பொருள் ஒன்றைக் கொடுத்துப் புள்ளிகளை மாற்றிப் போடலாம், சரி. ஆனால் கிளாஸின் தொடக்க எண்ணுக்குக் கீழே எதையும் இறக்க முடியாது. கன்ஃபெஸரின் ஃபெய்த் 14, ஆட்டம் முடியும்வரை 14தான்.

கன்ஃபெஸர் மோசம் என்று சொல்லவரவில்லை. ஃபெய்த் மந்திரங்களோடு விளையாட நினைப்பவருக்கு வாள், கேடயம், காயம் ஆற்றும் மந்திரம் மூன்றும் முதல் நாளே கையில் இருப்பது வசதி. எதைக் கொண்டு விளையாடப் போகிறோம் என்றே தெரியாத புதியவருக்கு நான் வேகபாண்ட் கிளாஸைத்தான் சொல்வேன். வைகர் 15, உயிர் 522. அஸ்ட்ராலஜருக்கு வைகர் 9, உயிர் 396. இரண்டு அடி தவறினால் கதை முடிந்தது. தூரத்தில் நின்று கல்லெறிகிற சாமர்த்தியம் இருந்தால் அஸ்ட்ராலஜரும் சுகம்தான்.

அதைவிட முக்கியமான வைகரைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. ஸ்டார்ம்வெயில் கோட்டை வாசலில் மார்கிட் என்ற எதிரியிடம் அடிவாங்கும் பலரும் ஸ்ட்ரெங்த்தையே ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கட்டத்தில் அடியின் பலம் கூடுவது ஸ்மிதிங் ஸ்டோன் என்ற கல்லைப் போட்டு ஆயுதத்தை மேம்படுத்துவதால்தான். ஸ்டேட்டால் வருவது கொஞ்சம். புள்ளிகளை வைகரில் போடுங்கள். 40 வந்தால் உயிர் 1450, 60 வந்தால் 1900. அதற்குமேல் 99 வரை ஏற்றினாலும் 2100தான். 39 புள்ளிக்கு 200 உயிர் என்றால் அது வீண்செலவு. 60இல் நிறுத்திவிடலாம்.

என் மகன் வேகபாண்ட் கட்சி. பிளேஸ்டேஷனை வீட்டில் விட்டுவிட்டுக் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனவன், போனில் "மந்திரம் போட்டு ஜெயிக்கிறதெல்லாம் ஒரு ஜெயிப்பாம்மா?" என்று கேலி செய்வான். இரும்பு முகமூடி போட்ட என் கைதியோடு ஒருநாள் மோதிப் பார்க்கட்டும். உங்கள் கட்டுரையிலும் 'இளைஞர்களே' என்றுதான் ஆரம்பித்திருந்தார்கள். இரவு சமையலறையை ஒழித்துப் போட்டுவிட்டு விளையாட உட்காருகிறவர்களும் உங்கள் பத்திரிகையை வாங்குகிறோம் ஐயா.

2024இல் இந்த விளையாட்டுக்கு வந்த கூடுதல் பகுதியான 'ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ' பற்றி அடுத்த வாரம் எழுதுவதாக அறிவித்திருக்கிறீர்கள். டிராகன் படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கிவிட்டு, பத்து கிளாஸுக்கும் எட்டு எண்களை ஓர் அட்டவணையாகப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். அதை வெட்டி டிவி பக்கத்தில் ஒட்டிக்கொள்ள வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ராஜபாளையம்.